தின்னுபோட்டு வாரேன் என்றவனின் கணக்கு

கோயம்புத்தூர் விமான நிலைய வாசலில் நின்ற முதல் ஐந்து நிமிடத்தில் தங்கவேலு என்னை நான்கு முறை கூப்பிட்டான். நான்கு முறையும் திரும்பிப் பார்த்தேன். முதல் முறை ஒரு கார் ஓட்டுநர். அடுத்தது தேநீர்க்காரர். மூன்றாவது, "ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க" என்று தள்ளுவண்டியோடு வந்த ஒருவர். நான்காவது ஆள் என்னைக் கூப்பிடவே இல்லை, தன் மனைவியைக் கூப்பிட்டார். நான் "என்னங்க?" என்று திரும்பியதில் அந்த அம்மாள் என்னை முறைத்த முறைப்பை ஈப்போவரை கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

ஈப்போ என் ஊர், மலேசியாவில். தங்கவேலுவின் ஊர் காரமடை. ஐந்து வருடம் தினமும் தொலைபேசியில் பேசி, சேர்ந்து கணினி நிரல் எழுதினோம். நேரில் ஒருமுறைகூடப் பார்த்துக்கொண்டதில்லை. "ஏனுங்க மாப்ள" என்றுதான் ஆரம்பிப்பான். மாப்பிள்ளை உறவும் வேண்டும், மரியாதையும் வேண்டும் அவனுக்கு. அந்த 'ங்க' அவனுடைய தனிச் சொத்து என்று நினைத்திருந்தேன். ஓர் ஊரே அதை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் ஒரு 'ங்க'வை வாங்கினால் ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்வோம்.

போன வருடம் தங்கவேலு இறந்துவிட்டான். மதியம் சாப்பிட்டான், படுத்தான், எழவில்லை. இந்த ஊரில் எல்லோர் வாயிலும் அவன் இருந்தான், அவனைத் தவிர.

வந்த வேலை இரண்டு. ஒன்று என் கம்பெனி அனுப்பியது. பம்ப்செட் விற்பனையாளர்கள் சிலருக்கு, அவர்களுடைய சமூக ஊடகக் கணக்கு அவர்களுடையதுதான் என்று நிரூபிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் பெயரில் போலிக் கணக்குகள் முளைத்துவிட்டன. இன்னொரு வேலை என் சொந்த வேலை. தங்கவேலு பெயரிலும் ஒரு போலி முளைத்திருந்தது. அவன் முகத்தை வைத்துக்கொண்டு, பத்தே நாளில் நிரல் எழுதக் கற்றுத்தருவதாகக் கூவிக்கொண்டிருந்தது. தங்கவேலு பத்து நாளில் ஒரு வரி எழுதினாலே அதிசயம்.

நாங்கள் எழுதிய நிரல் செய்வது இதுதான். உங்கள் அடையாளத்தை அரசாங்கமோ கம்பெனியோ வைத்திருக்காது, உங்கள் கைபேசியில் நீங்களே வைத்திருப்பீர்கள், ஒரு முத்திரை மோதிரம்போல. "இந்தக் கணக்கு என்னுடையது" என்று ஒரு வரியை அந்த முத்திரை குத்தித் தரும். பார்க்கக் கன்னாபின்னாவென்று எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அதை உங்கள் கணக்கில் பதிவாகப் போட வேண்டும். எங்கள் நிரல் போய்ப் படித்து, முத்திரையும் கணக்கும் பொருந்தினால் பச்சைக் குறி போடும். குறிக்கு ஆயுள் ஒரு வருடம்.

யாரிடமும் போய் நிற்க வேண்டாம், முத்திரை தொலைந்தால் நகல் கொடுக்கும் அதிகாரி என்று ஒருவரும் கிடையாது என்று இருவரும் பெருமையடித்துக்கொண்டே எழுதினோம். தங்கவேலுவின் முத்திரையைத் திறக்கும் சொல் தங்கவேலுவின் தலைக்குள் இருந்தது. தலையோடு போய்விட்டது. அவனுடைய பச்சைக் குறிக்கு நான் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையோடு ஆயுள் முடிகிறது. முடிந்தால் அவனும் போலியும் பார்வைக்கு ஒன்று. ஒரே வழி, அவன் மனைவி அமுதா அவன் கணக்கைத் தன் முத்திரையோடு சேர்த்துக்கொள்வது. தொலைபேசியில் சொன்னேன். "நேர்ல வாங்ணா, பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை. இட்லி கேட்டேன், சாம்பார் வந்தது. கரண்டியை விட்டுத் துழாவியதில் அடியில் இரண்டு இட்லிகள் கிடைத்தன. பக்கத்து மேசைப் பெரியவர், "தண்ணியக் குடிச்சுப் பாருங்க, சிறுவாணி" என்றார், தானே தோண்டிக் கொண்டுவந்ததுபோல. குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. தங்கவேலு பேச்சின் நடுவே 'ஒரு நிமிசமுங்க' என்று மடக் மடக்கென்று குடிப்பானே, அந்தத் தண்ணீர்.

பம்ப்செட்காரர்களைப் பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். நேரம் குறித்தது நான்தான். பத்தரைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஈப்போவில் இப்படி நடந்தால் பத்திரிகையில் போடுவோம். போண்டாவும் தேநீரும் வந்தன. நான் விளக்கினேன். "இப்போது பொத்தானை அழுத்துங்கள், வரும் வரியைப் பத்து நிமிடத்துக்குள் போடுங்கள்" என்றேன்.

"செரிங்க."

"போட்டறலாமுங்க."

"அருமையா வெளக்குனீங்க."

யாரும் போடவில்லை. பத்து நிமிடத்தில் எல்லா வரிகளும் காலாவதி. மறுபடி விளக்கினேன். மறுபடி "செரிங்க." மறுபடி போண்டா. நிரல்தான் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி, மடிக்கணினியைத் திறந்து உடையாத நிரலை முக்கால் மணி நேரம் பழுதுபார்த்தேன். முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அந்த அறையிலேயே ஒரே ஒருவருக்குத்தான் பச்சைக் குறி விழுந்திருந்தது. ரஹீம் பாய் என்கிற மோட்டார் வியாபாரிக்கு. அவர் எழுந்து வந்து என்னைச் சன்னலோரம் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பிக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? இப்புடி வேர்க்குது."

"ஒருத்தரும் போட மாட்டேங்கிறாங்க பாய். நான் சொன்னது புரியலையா?"

"அதெல்லாம் அப்பவே புரிஞ்சுபோச்சு. வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். பன்னண்டு வரைக்கும் ஒருத்தரும் கை வெக்க மாட்டாங்க. நானே மோட்டார் லோடு அனுப்பறதுன்னா இவங்க நேரம் பாத்துத்தான் அனுப்பறேன்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"வந்த விருந்தாளி ஒரு நேரங் குறிச்சுப்போட்டீங்க. வேண்டாம்னா மொகம் வாடிப்போகுமில்லீங்களா? வராம இருந்தா மருவாதியில்ல. அதான் வந்து போண்டா தின்னுட்டு உக்காந்திருக்காங்க."

எங்கள் வீட்டு நாட்காட்டியிலும் ராகு காலம் அச்சடித்திருக்கிறது. அதை நாங்கள் பள்ளி விடுமுறை பார்க்க வைத்திருக்கிறோம்.

"தினமும் எவ்வளவு நேரம் அது?"

"ஒண்ணரை மணி."

எனக்குள் ஒரு எண் எழுந்து நின்றது. ஐயாயிரத்து எழுநூறு. அந்த வரிக்கான காலக்கெடுவைத் தங்கவேலு ஐயாயிரத்து எழுநூறு விநாடி என்று எழுதி வைத்திருந்தான். ஏன் அந்த எண் என்று ஒரு குறிப்பும் இல்லை. மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தில் எப்போதும்போல 'மாத்திபோட்டேனுங்க' என்று மட்டும் போட்டிருந்தான். எந்த மாற்றத்துக்கும் அவனிடம் அதுதான் காரணம். இவ்வளவு நேரம் கொடுத்தால் திருடன் சாப்பிட்டுவிட்டு வந்து திருடுவான் என்று கிண்டலடித்து, அவன் போன பிறகு நான் அதைப் பத்து நிமிடமாகக் குறைத்திருந்தேன்.

"ஐயாயிரத்து எழுநூறு விநாடின்னா தொண்ணூத்தஞ்சு நிமிஷம் பாய். ஒன்றரை மணி ராகு காலம் சரி. மேலே அஞ்சு நிமிஷம் எதுக்கு?"

ரஹீம் பாய் யோசிக்கவே இல்லை. "டீக்குங்க."

எண்ணைத் திருப்பிப் பழையபடி வைத்தேன். பன்னிரண்டு அடித்ததும் அறை முழுக்கக் கைபேசிகள் கிணிங் கிணிங் என்றன. பச்சைக் குறிகள் மழைபோல் விழுந்தன. கைதட்டலாம் என்று ரஹீம் பாயைத் தேடினேன். அவர் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். நான் சன்னலோரம் நின்று கைபேசியை எடுத்து, "டேய், இப்பதான் புரிஞ்சது" என்று சொல்ல ஒரு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அழைத்தால் அமுதா எடுப்பாள் என்று பிறகு நினைவு வந்தது.

சனிக்கிழமை காரமடைக்குப் பேருந்து ஏறினேன். பின்னிருக்கையில் ஒருவர் கைபேசியில் பேச ஆரம்பித்தார்.

"ஏனுங்க மாமா, நானுங்க. மோட்டாரக் கெணத்துல எறக்கியாச்சுங்க. ஆமாங்க. கவுறுதான் மேல வந்துருச்சுங்க. இல்லீங்க, மோட்டார் வர்லீங்க. கவுறு மட்டும் வந்துருச்சுங்க."

அசல் தங்கவேலு. கெட்ட செய்தியை மூன்று தவணையாகச் சொல்லும் அதே பாணி. எங்கள் சர்வர் எரிந்துபோனதையும் அவன் இப்படித்தான் சொன்னான். முதலில் 'சூடா இருக்குதுங்க' என்றான். கண்ணை மூடிக்கொண்டால் அவனேதான். மூடிக்கொண்டேன். திறந்தபோது காரமடை போய் மேட்டுப்பாளையம் வந்திருந்தது.

நடத்துநர் என் பயணச்சீட்டைப் பார்த்தார். "காரமடைன்னு கத்துனனே, காதுல உழுகலீங்களா?"

"பின்னாடி பேசினவரைக் கேட்டுக்கிட்டிருந்தேன்."

"மோட்டார் உழுந்த கதைங்களா? நானுந்தான் கேட்டேன். அதுக்காக மேட்டுப்பாளையம் வரைக்கும் வருவாங்களா?" என்று சிரித்து, திரும்பும் வண்டியில் என்னை ஏற்றிவிட்டு, அதன் நடத்துநரிடம், "காரமடைங்க. எறக்கி உட்டுருங்க, பராக்குப் பாக்கற ஆளு" என்று பரிந்துரையும் செய்தார்.

அமுதாவின் வீடு கறிவேப்பிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. எங்கள் ஊரில் கறிவேப்பிலை என்பது பிளாஸ்டிக் பையில் வரும் நான்கு இணுக்கு. இங்கே ஏக்கர் கணக்கில் நிற்கிறது. வாசலில் இரண்டு பெண்கள் கட்டுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்து வந்த அமுதா என்னைப் பார்த்ததும், "வாங்ணா. படத்துல ஒசரமாத் தெரிஞ்சீங்க" என்றாள். தங்கவேலு சொன்னது சரி. அவள் முதல் வரியிலேயே ஆளை உட்கார வைத்துவிடுவாள்.

அவனுடைய கைபேசி சுவரோரம் மின்னூட்டத்தில் கிடந்தது. ஒரு வருடமாக அது அணைந்ததே இல்லையாம். அணைத்தால் மறுபடி கடவுச்சொல் கேட்டுவிடும் என்று பயம். கடவுச்சொல்லும் அந்தத் தலைக்குள்தான் இருந்தது. எடுத்துக் காட்டினாள். அவன் கணக்கின் உச்சியில் அவனுடைய கடைசிப் பதிவு. வட்டில் நிறைய அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய், ஓரத்தில் அப்பளம். கீழே: 'அரிசிம்பருப்பு ஆச்சுங்க. தின்னுபோட்டு வாரேன்.'

அதற்கும் கீழே நாங்கள். 'என்னங்க, இன்னும் திங்கறீங்களா?' 'அண்டாவோட உக்காந்துட்டாரா?' நான்: 'எனக்கு ஒரு வாய் எடுத்து வை மாப்ள.' பிறகு விஷயம் தெரிந்து, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் நிறுத்தியிருந்தோம்.

வந்த காரியத்தைச் சொன்னேன். போலியைக் காட்டினேன். நாளையோடு குறி போய்விடும் என்றேன். அவள் கைபேசியில் முத்திரையையும் அமைத்துக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"அந்த வரிய எங்கீங்ணா போடோணும்?"

"அவன் கணக்குல, புதுப் பதிவா."

"போட்டா எங்க வரும்?"

"மேலே."

"அப்ப இது கீழ போயிருமா?"

"ஒரு படி இறங்கும். அவ்வளவுதான்."

கைபேசியை வாங்கி மறுபடி மின்னூட்டத்தில் போட்டாள். "வேண்டாமுங்ணா."

"குறி போனா போலிக்காரன்..."

"தெரியுதுங்ணா. காலைல எந்திரிச்சா மொதல்ல இதத்தான் தொறப்பேன். சோறும் அவரு சொன்னதும் மொகப்புல நிக்கும். வாரேன்னு சொல்லிப்போட்டுப் போனவரு. அதுமேல போயி உங்க கன்னாபின்னா எழுத்த வெக்கறதா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அரிசிம்பருப்பை வட்டிலில் போட்டு நீட்டினாள். திறந்த வாய்க்கு அதுவே போதுமென்று சாப்பிட்டேன்.

மாலையில் கோவைக்குத் திரும்பி, தள்ளுவண்டியில் காளான் வாங்கினேன். முட்டைக்கோசு நிறைய இருந்தது, மசாலா நிறைய இருந்தது, காளான் அழைப்பு வந்தும் வராத உறவினர்போல எங்கோ இருந்தது. தங்கவேலு இதைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறான். ருசியாகத்தான் இருந்தது. பாதியில் எனக்கு ஒன்று தோன்றியது. வரியைப் புதுப் பதிவாகத்தான் போட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான்தானே? ஒரு பதிவுக்குக் கீழே பதிலாகப் போட்டாலும் அதே கணக்கிலிருந்துதானே வருகிறது? தட்டை வைத்துவிட்டு, கடை வெளிச்சத்திலேயே மடிக்கணினியைத் திறந்தேன். கடைக்காரர், "ஏனுங்க, சாப்புட்டுப்போட்டு எழுதக் கூடாதுங்களா? ஆறிப்போகும்" என்றார். திரும்பிப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். இருந்தும் திரும்பினேன்.

ஞாயிறு மதியம் மறுபடி காரமடை. இந்தத் தடவை சரியாக இறங்கினேன். கட்டுக்கட்டும் பெண்களில் ஒருத்தி, "அமுதக்கா, நேத்து வந்த படத்துல ஒசரமானவரு வந்திருக்காருங்க" என்று குரல் கொடுத்தாள்.

புது வழியைச் சொன்னேன். அமுதா கேட்டாள். "பதிலாப் போட்டா இது கீழ எறங்காதே?"

"இறங்காது. இதுக்கு அடியிலதான் போய் உட்காரும்."

"மேல சோறு அப்பிடியே நிக்குமா?"

"நிக்கும். ஆனா ஒண்ணு, அந்த வரியை அப்படியே போடணும். ஒரு எழுத்து கூடக் கூடாது, குறையக் கூடாது."

இந்த விதியும் என் கைங்கரியம். தங்கவேலு இதற்கும் சண்டை போட்டிருக்கிறான். 'மனுசன் நாலு பேரு முன்னால வரான், ஒரு வணக்கம் சொல்ல மாட்டானா மாப்ள?' என்பான். பாதுகாப்பு என்பேன் நான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஐந்து வருடம் அவனை வாயடைத்தேன்.

அமுதா அவன் கைபேசியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "செரிங்ணா, போடறேன். நீங்க கெளம்புங்க. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை வராது." ஒரு தூக்குப்பாத்திரத்தைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள். "அன்னிக்கு ஒரு வாய் எடுத்து வெக்கச் சொன்னீங்களே. எடுத்து வெச்சிருக்குது."

விமான நிலையத்தில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலரை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அமுதா பொத்தானை அழுத்தியது தெரிந்தது. வரி அவளுக்குப் போய்விட்டது. பதிவு வரவில்லை. பத்து நிமிடம். அரை மணி. மனம் மாறிவிட்டாளா, கைபேசி அணைந்துவிட்டதா என்று வேர்த்து வழிந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார். எதிரே சுவரில் ஒரு நாட்காட்டி. ஞாயிறு, ராகு காலம், நாலரை முதல் ஆறு. நானும் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டேன்.

ஆறு மணி கடந்து என் கைபேசி அடித்தது. திரையில்: 'தங்கவேலு உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்.'

அறிவுக்கு எல்லாம் தெரியும். இருந்தும் அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தேன். பிறகு திறந்தேன்.

'எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் அமுதா. அவரு வகுறு நெறையத் தின்னுபோட்டுத்தான் போனாருங்க.' அதன் கீழே அந்தக் கன்னாபின்னா வரி, எழுத்துப் பிசகாமல்.

ஒரு வருடமாக எங்களில் ஒருவருக்கும் அவளிடம் கேட்கத் தோன்றாதது அது.

மடிக்கணினியில் சிவப்பாக வந்து நின்றது: 'பொருந்தவில்லை. கூடுதல் சொற்கள்.'

கெடு முடிய இன்னும் ஐந்து நிமிடம்கூட இல்லை. அவளைக் கூப்பிட்டு, அந்த மூன்று வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம். கைபேசியைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். நிரலைத் திறந்தேன். பதிவு முழுவதும் அந்த வரியாகவே இருக்க வேண்டும் என்று சொல்லும் என்னுடைய கட்டளையை அழித்து, பதிவுக்குள் எங்காவது அந்த வரி இருந்தால் போதும் என்று எழுதினேன். முத்திரை முத்திரைதான், பக்கத்தில் யார் வணக்கம் சொன்னால் அதற்கென்ன? ஐந்து வருடச் சண்டை ஒரு வரியில் முடிந்தது. அவன் ஜெயித்துவிட்டான், கொக்கரிக்க ஆள் இல்லை.

மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கட்டம் கேட்டது. நான் எப்போதும் அரைப் பக்கம் எழுதுகிறவன். 'மாத்திபோட்டேனுங்க' என்று போட்டேன்.

குறி பச்சையாக விழுந்தது.

விமானத்துக்கு அழைத்தார்கள். தூக்குப்பாத்திரத்தோடு வரிசையில் நின்றேன். வாசலில் இருந்த பெண் அதைப் பார்த்து, "என்னங்க அது?" என்றாள்.

"அரிசிம்பருப்புங்க."

"அதத் தின்னுபோட்டு வந்து ஏறுங்க. கடைசியா வந்தாப் போதும்" என்று என்னை ஓரமாக உட்கார வைத்தாள்.

நெய் உறைந்திருந்தது. அப்பளம் நமத்திருந்தது. ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.